உயர்திணைப் பிள்ளைகளை அஃறிணை ஆக்காதீர்!



இந்தக் கட்டுரையை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் தயங்கினேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பேசக்கூடிய பொருளா இது என்று சிலர் கேட்கக்கூடும். முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். எனினும், எழுதாமல் விட்டால் என் மனச்சான்று என்னை விடாது. படித்து முடித்த பிறகு கண்டிக்க விரும்புபவர்கள் தாராளமாகக் கண்டிக்கலாம். படிப்பதற்கு முன்பே கண்டிக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பேசவிருக்கும் பொருள் இதுதான். நம் பள்ளிகளில் தன்பாலீர்ப்பு உடைய பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆணுக்கு ஆண்மீதும் பெண்ணுக்குப் பெண்மீதும் மனம் செல்லும் இயல்பையே தன்பாலீர்ப்பு என்கிறோம். வளர்ந்து பதின்ம வயதை அடைந்த பிறகே பலருக்குத் தங்கள் இயல்பு தெளிவாகிறது. ஆனால், அது அவர்களுக்கே தெளிவாவதற்கு முன்னர், பத்துப் பதினோரு வயதிலேயே, நாம் அவர்களுக்குப் பெயர் சூட்டிவிடுகிறோம். ‘பொண்டான்’ என்கிறோம். ‘ஒன்பது’ என்கிறோம். ‘அலி’ என்கிறோம். இந்தப் பெயர்கள் விளைவிக்கும் கேட்டைப் பற்றியும், அதில் ஆசிரியர்களாகிய நமக்குள்ள பங்கைப் பற்றியுமே எழுதுகிறேன்.

முதலில் என் குற்றம்

மற்றவர்களைக் குறை கூறுவதற்கு முன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இருபது ஆண்டுகளுக்கும் முந்திய நிகழ்வு இது. அப்போது நான் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியர். என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மெல்லிய குரல். நடையில் ஒரு நளினம். மற்ற பையன்கள் திடலில் பந்து உதைக்கும்போது இவன் மாணவியரோடு மரநிழலில் அமர்ந்து பேசிக்கொண்டிருப்பான். வகுப்பு அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். நன்றாகவே தெரியும்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்பான். “ஓய்வு நேரத்தில் என்ன செய்தாய்?” என்று பலமுறை கடிந்திருக்கிறேன். பதில் சொல்லாமல் நிற்பான்.

ஒருநாள் இலக்கணப் பாடத்தில் உயர்திணையும் அஃறிணையும் நடத்திக்கொண்டிருந்தேன். அவன் வழக்கம்போல் கழிப்பறைக்குச் சென்றிருந்தான். பயிற்சிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கையில் அவன் பெயரை அழைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஐயா, அது இன்னும் வரல.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ‘அவன்’ என்பதை ‘அது’ என்று மாற்றினால் நகைச்சுவை பிறக்கிறது என்பதை அன்றைய பாடத்தின் எடுத்துக்காட்டாகவே அந்தப் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் சொல்லாமல் வந்து தன் இடத்தில் அமர்ந்தான். நான் அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திருமண மண்டபத்தில் ஓர் இளைஞர் என்னிடம் வந்து வணக்கம் சொன்னார். அவர்தாம் அந்த மாணவர். நல்ல வேலையில் இருக்கிறார். நெடுநேரம் பேசினோம். பேச்சின் இடையே அவர் கேட்டார்.

“ஐயா, நான் ஏன் எப்பவும் பாட நேரத்துல கழிப்பறைக்குப் போகணும்னு கேப்பேன், தெரியுமா? ஓய்வு நேரத்துல போனா அங்க நாலு பேரு காத்திருப்பாங்க. கதவ உதைப்பாங்க, மேலேருந்து தண்ணி ஊத்துவாங்க. நான் அழுற வரைக்கும் விடமாட்டாங்க.”

“என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“நீங்களும் சிரிச்சீங்களே, ஐயா.”

அவர் குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் வலித்தது. தமக்குத் தன்பாலீர்ப்பு உண்டு என்பதையும், தம் தாயாருக்கு இன்றுவரை அது தெரியாது என்பதையும் பிறகு கூறினார். விடைபெறும்போது ஒன்று கேட்டார்: “இப்ப உங்க வகுப்புல என்னை மாதிரி ஒரு பையன் இருந்தா என்ன செய்வீங்க, ஐயா?”

அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அந்தப் பதிலைத்தான் இன்று எழுதுகிறேன்.

தொல்காப்பியர் வைத்த இடம்

தமிழாசிரியர்களாகிய நாம் அறிந்த இலக்கணத்திலிருந்தே தொடங்குவோம். தொல்காப்பியம், சொல்லதிகாரத்தின் முதல் இயல் கிளவியாக்கம். உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டையும், உயர்திணையின் முப்பாலையும், அஃறிணையின் இருபாலையும் வகுத்துக் கூறும் தொல்காப்பியர், உடனடியாக ஒரு கேள்வியை எதிர்கொள்கிறார். ஆண்மை திரிந்து பெண்மை நோக்கியவர்களை எங்கே வைப்பது? அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய ஈறுகளையே அவர்கள் பெறுவர் என்று நான்காம் நூற்பாவிலேயே முடிவு கூறிவிடுகிறார்.

பின்வந்த நன்னூலார், பேடு என்னும் சொல் அஃறிணை போலவும் முடியும் என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்தார் என்பதை நானும் அறிவேன். இலக்கணம் நன்கறிந்த நண்பர் எவரேனும் அதைச் சுட்டிக்காட்டக்கூடும். இந்த ஒரு செய்தியில் நான் தொல்காப்பியர் பக்கம் நிற்கிறேன்.

தொல்காப்பியர் அங்கே பேசுவது பாலின அடையாளத்தைப் பற்றி. நான் இங்கே பேசுவது ஈர்ப்பைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆனால், பள்ளிக் கழிப்பறையில் காத்திருக்கும் நால்வருக்கு இந்த வேறுபாடு தெரியாது. வழக்கத்திற்கு மாறாக இருக்கும் எந்தப் பிள்ளையையும் அவர்கள் ஒரே சொல்லால்தான் அடிக்கிறார்கள். அந்தப் பிள்ளையை மனிதர் வரிசையிலிருந்து வெளியே தள்ளுவதே அந்தச் சொல்லின் வேலை. ‘அவன்’ ‘அது’ ஆகிவிட்டால், அதன்பின் உதைப்பது எளிது.

இருவகைப் பிள்ளைகள்

இந்தக் கேலியால் காயப்படுபவர்கள் இருவகையினர். முதல் வகையினர் நம் கண்ணுக்குத் தெரிபவர்கள். மென்மையாகப் பேசும் பையன், குட்டை முடியோடு பையன்களுடன் பந்தாடும் மாணவி. இவர்களுள் பலருக்குத் தன்பாலீர்ப்பு இல்லாமலும் இருக்கலாம். பொதுவான அச்சுக்குள் அடங்கவில்லை என்பதற்காகவே அடிவாங்குகிறார்கள்.

இரண்டாம் வகையினர் நம் கண்ணுக்குத் தெரியாதவர்கள். பள்ளியின் காற்பந்துக் குழுத் தலைவனாக இருக்கலாம். மாணவர் தலைவியாக இருக்கலாம். கேலிச்சொல் அவர்களை நோக்கி வீசப்படுவதில்லை. வேறொருவனை நோக்கி வீசப்படும்போது அவர்கள் பக்கத்தில் நின்று கேட்கிறார்கள். ‘இவர்களுக்கு என்னைப் பற்றித் தெரிந்தால் எனக்கும் இதுதான்’ என்று மனத்திற்குள் எழுதிக்கொள்கிறார்கள். சில வேளைகளில், தம்மை மறைத்துக்கொள்ள, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.

ஆகவே, “என் வகுப்பில் அப்படி யாரும் இல்லை” என்று சொல்லும் ஆசிரியரிடம் நான் கேட்பது இதுதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?

2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் பினாங்கில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. நம் சமூகத்து இளைஞர் ஒருவர், 18 வயது, இசைக்கல்வி பயிலவிருந்தவர், கொடூரமாகத் தாக்கப்பட்டுச் சில நாள் உயிருக்குப் போராடி ஜூன் 15ஆம் நாள் மருத்துவமனையில் இறந்தார். பள்ளிக் காலத்திலிருந்தே பெண்மைச் சாயல் உடையவர் என்று கேலி செய்யப்பட்டவர் அவர் என நாளிதழ்கள் அப்போது எழுதின. நீதிமன்ற வழக்கைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. அவருடைய ஈர்ப்பு எத்தகையது என்ற கேள்வியும் நமக்கு வேண்டாதது. ஓர் ஆசிரியராக என்னை உறுத்துவது வேறொன்று. பள்ளிக் காலத்திலிருந்தே என்று எழுதினார்களே! அப்படியானால், அத்தனை ஆண்டுகளில் அந்தச் சொற்கள் எத்தனை ஆசிரியர்களின் காதில் விழுந்திருக்கும்? அவர்களுள் எத்தனை பேர், என்னைப் போல, அடுத்த புத்தகத்தை எடுத்திருப்பார்கள்?

நமக்குத் தெரியாத வலியா?

ஒரு சொல் மனிதனை என்ன செய்யும் என்பதை மலேசியத் தமிழருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ‘கெலிங்’ என்று யாரேனும் நம்மை அழைத்தால் குருதி கொதிக்கிறது. 2011ஆம் ஆண்டில் ஐந்தாம் படிவத்திற்கு இலக்கியப் பாடநூலாக வைக்கப்பட்ட ‘இண்டர்லோக்’ நாவலில் நம்மை இழிவுபடுத்தும் சொல் இருக்கிறது என்று பொங்கி எழுந்தோம். ஒரே ஒரு சொல்தானே என்றவர்களுக்கு, அது வெறும் சொல் அன்று, நம் பிள்ளைகளின் தன்மானம் என்று விளக்கினோம். அவ்வாண்டு இறுதியில் அந்த நூல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

அன்று நாம் சொன்னது சரி. அப்படியானால், நம் பள்ளித் திடலில் ‘பொண்டான்’ என்ற சொல் ஒலிக்கும்போது மட்டும் அது வெறும் விளையாட்டாகிவிடுவது எப்படி?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இனத்தின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறது. வீட்டில் அப்பா, அம்மா, பாட்டி, தாத்தா எல்லாரும் அதே இனம். “நீ ஒன்றும் தாழ்ந்தவன் இல்லை” என்று அணைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் புகலிடமாக ஒரு வீடு இருக்கிறது. தன்பாலீர்ப்பின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட பிள்ளைக்கு அந்த வீடும் இல்லை. “என்னைப் பொண்டான் என்று அழைக்கிறார்கள்” என்று அப்பாவிடம் சொன்னால், “நீ ஏன் அப்படி நடந்துகொள்கிறாய்?” என்ற கேள்விதான் முதலில் வரும். பள்ளியில் கேட்ட அதே சிரிப்பு, வரவேற்பறைத் தொலைக்காட்சியில் ஓடும் திரைப்பட நகைச்சுவையிலும் கேட்கிறது. குடும்பமே சேர்ந்து சிரிக்கிறது. அந்தப் பிள்ளையும் சிரித்தாக வேண்டும்.

பகடிவதைக்கு ஆளாகும் பிள்ளைகளுள் இவர்களே மிகவும் தனித்து விடப்படுகிறார்கள். ஆசிய-பசிபிக் வட்டாரப் பள்ளிகளைப் பற்றி 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கையும் இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வர அஞ்சுவதையும், கல்வியில் பின்தங்குவதையும், மனச்சோர்வுக்கும் தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணத்திற்கும் ஆளாவதையும் எடுத்துரைக்கிறது. முன்பு நன்றாகப் படித்த பிள்ளை ஏன் திடீரென்று சரிந்தது என்று பெற்றோரை அழைத்துக் கேட்கிறோம். காரணம் சில வேளைகளில் நம் பள்ளியின் கழிப்பறையிலேயே இருக்கிறது.

சொல்லப்படும் சாக்குகள்

இதைப் பேசும்போதெல்லாம் சில பதில்கள் வழக்கமாக வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“ஆண்பிள்ளையைக் கொஞ்சம் கிண்டல் செய்தால்தான் தைரியம் வரும்.” அடிபட்ட பிள்ளைக்கு வருவது தைரியம் அன்று. தன்னை ஒளித்துக்கொள்ளும் திறமைதான் வருகிறது. என் மாணவனுக்கும் அதுவே வந்தது. எந்த நேரத்தில் கழிப்பறை காலியாக இருக்கும் என்று கணக்கிடக் கற்றுக்கொண்டான். இதுவா நாம் கற்பிக்க விரும்பிய பாடம்?

“முகாமுக்கு அனுப்பித் திருத்திவிடலாம்.” திருத்திப் பார்த்தார்கள். 2011 ஏப்ரலில் திரெங்கானுவில், பெண்மைச் சாயல் உடையவர்கள் என்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டிய 66 மாணவர்கள், ஆண்மையை ஊட்டுவதற்கென்று பெசுட்டில் நடந்த முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அந்த முகாமைக் கைவிட வேண்டும் என்று அப்போதைய மகளிர் துறை அமைச்சரே குரல் கொடுத்தார். அந்த 66 பேரும் தத்தம் பள்ளிக்குத் திரும்பிய மறுநாளை எண்ணிப் பாருங்கள். அதுவரை சக மாணவர்கள் மட்டுமே சூட்டியிருந்த பெயருக்கு இப்போது ஆசிரியரின் முத்திரையும் கிடைத்துவிட்டது. 2018 பிப்ரவரியில் ஒரு மலாய் நாளிதழ், தாடியையும் உடற்பயிற்சிக் கூடத்தையும்கூடச் சேர்த்து, இவர்களை அடையாளம் காணும் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பிள்ளைகளைப் பட்டியல் வைத்து வேட்டையாடுவது கல்வி ஆகாது.

“இது ஒரு நோய். மருத்துவரிடமோ பூசாரியிடமோ காட்டினால் குணமாகும்.” அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973ஆம் ஆண்டிலேயே தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 1990 மே 17ஆம் நாள் நீக்கியது. இல்லாத நோய்க்கு மருந்து தேடிப் பிள்ளையைக் கோயில் கோயிலாக இழுத்துச் செல்லும் பெற்றோர், பிள்ளைக்குக் கற்பிப்பது ஒன்றே ஒன்றுதான்: ‘நீ இருக்கிறபடி இருந்தால் உன்னை எங்களுக்கு வேண்டாம்.’ ஒரு காலத்தில் இடக்கையால் எழுதும் பிள்ளையின் விரல்களை அடிக்கோலால் அடித்து வலக்கைக்கு மாற்றினோம். அதுவும் பிள்ளையின் நன்மைக்கே என்றுதான் நம்பினோம்.

“இது மேலைநாட்டு இறக்குமதி.” இறக்குமதி ஆனது எது என்று சற்று வரலாற்றைப் பார்க்கலாம். இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் இதைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 377 என்ற எண்ணையே தாங்கி வந்தது. அது தற்செயல் அன்று. ஆங்கிலேயர் 1860ஆம் ஆண்டில் இந்தியாவுக்காக இயற்றிய தண்டனைச் சட்டத்தின் வழியே வந்த எண் அது. அந்தச் சட்டம்தான் கப்பலேறி வந்தது. பிள்ளைகள் எங்கும் போல இங்கேயே பிறந்தவர்கள்.

“நம் நாட்டுச் சட்டம் இதை ஏற்கவில்லையே!” உண்மை. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் தன்பால் உறவுச் செயல்கள் இன்றும் குற்றமே. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2022 நவம்பரில் 377ஏ பிரிவை நீக்கியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயதுவந்தோரின் மனமொத்த உறவு குற்றமாகாது என்று தீர்ப்பளித்தது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுகிறது. அதை மாற்றுவதா வேண்டாமா என்பது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால், ஜோகூர் பாலத்தின் எந்தப் பக்கம் நின்றாலும் அடிபட்ட பிள்ளையின் வலி ஒன்றுதான். எந்தச் சட்டமும் ஒரு மாணவனை மற்றொரு மாணவன் உதைப்பதற்கு உரிமை தரவில்லை. மாறாக, பகடிவதைதான் இன்று சட்டப்படி குற்றம். 2024 ஜூலையில் இணையப் பகடிவதையைத் தாங்காமல் நம் சமூகத்துப் பெண்ணொருவர் உயிரை மாய்த்துக்கொண்டதைத் தொடர்ந்து, அவ்வாண்டு டிசம்பரில் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அவை 2025 ஜூலை 11ஆம் நாள் நடைமுறைக்கு வந்துவிட்டன.

“எங்கள் சமயம் இதை ஏற்காது.” உங்கள் சமயத்தோடு எனக்கு வழக்கில்லை. நானும் வழிபாடு செய்கிறவன்தான். பதினோரு வயதுப் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி அழவைக்கச் சொல்லும் சமயம் எது என்று மட்டும் காட்டுங்கள். ஒன்றை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் நம்பிக்கை. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் காப்பது ஆசிரியரின் கடமை. முன்னதற்கு முடிவு தெரிந்த பிறகுதான் பின்னதைச் செய்வேன் என்று எந்த ஆசிரியரும் சொல்லக்கூடாது.

கற்றுக்கொள்ள வெட்கம் எதற்கு?

2021ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், ஒருவரையொருவர் விரும்பி, குடும்பத்தாரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கேட்டிருந்தனர். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தமக்கு முழுமையான புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியல் அறிஞர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன் பிறகே அவ்வாண்டு ஜூன் 7ஆம் நாள் உத்தரவு பிறப்பித்தார். மருத்துவத்தின் பெயரால் ஒருவரின் ஈர்ப்பை மாற்ற முயல்வதைத் தடை செய்தார். பள்ளிகளிலும் பெற்றோரிடத்திலும் விழிப்புணர்வு ஏற்பட வேண்டும் என்றும் வலியுறுத்தினார்.

உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல முடிகிறது. கற்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அதைச் சொல்ல என்ன வெட்கம்?

என்ன செய்யலாம்?

என் மாணவருக்கு அன்று சொல்லமுடியாத பதில் இதோ.

1. கேலிச்சொல் முதன்முறை காதில் விழும்போதே பாடத்தை நிறுத்துவேன். “இந்த வகுப்பில் யாரையும் அப்படி அழைக்கக்கூடாது” என்று உறுதியாகச் சொல்வேன். நீண்ட அறிவுரை வேண்டியதில்லை. ஆசிரியர் சிரிக்கவில்லை என்பதை வகுப்பு பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கேலி செய்த பிள்ளையையும் எல்லார் முன்னும் அவமானப்படுத்தமாட்டேன். தனியே அழைத்துப் பேசுவேன். அவனும் என் மாணவன்தான்.

2. ஆசிரியர் அறையிலும் இதே விதிதான். மாணவரின் நடையைப் பாவனை செய்து காட்டிச் சிரிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அங்கே சிரிப்பவர் வகுப்பில் கண்டிக்க முடியாது.

3. ஓய்வு நேரத்தில் கழிப்பறைப் பக்கம் ஒரு நடை போய்வருவேன். சிற்றுண்டிச்சாலையின் பின்புறம், பள்ளிப் பேருந்து நிற்கும் இடம், உடை மாற்றும் அறை ஆகியவையும் கண்காணிக்க வேண்டிய இடங்கள். பாட நேரத்தில் அடிக்கடி வெளியே செல்லக் கேட்கும் பிள்ளையைக் கடிவதற்கு முன் காரணத்தைத் தேடுவேன்.

4. எந்தப் பிள்ளையிடமும் “நீ அப்படியா?” என்று கேட்கமாட்டேன். அது நாம் கேட்கக்கூடிய கேள்வி அன்று. “உன்னை யாராவது தொல்லை செய்கிறார்களா?” என்பதே நம் கேள்வி.

5. ஒரு பிள்ளை தானாக முன்வந்து தன் மனத்தைத் திறந்தால், “என்னை நம்பிச் சொன்னதற்கு நன்றி” என்று முதலில் சொல்வேன். அதை ஆசிரியர் அறைக்கோ, அந்தப் பிள்ளையின் ஒப்புதலின்றிப் பெற்றோரிடமோ கொண்டுசெல்லமாட்டேன். நாம் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு வார்த்தை, அன்றிரவே அந்தப் பிள்ளையை வீட்டைவிட்டு வெளியேற்றிவிடலாம். உயிருக்கு ஆபத்தான எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் காலம் தாழ்த்தாமல், பிள்ளையிடம் சொல்லிவிட்டே, ஆலோசக ஆசிரியரின் உதவியை நாடுவேன்.

6. பகடிவதை நடந்தால் தேதி, இடம், சொன்ன சொற்கள் ஆகியவற்றைக் குறித்து, கட்டொழுங்கு ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்து வடிவில் அளிப்பேன். வாய்மொழிப் புகார் காற்றோடு போய்விடும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை யாராக வளரும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்படிப்பட்ட பிள்ளைகள் பலருக்கு அடிப்பவனைவிடப் பெரிய அச்சம் ஒன்று உண்டு. நீங்கள் அறிந்துவிடுவீர்களோ என்பதே அந்த அச்சம். இன்றிரவு தொலைக்காட்சியில் அந்தக் கேலிக் காட்சி வரும்போது, நீங்கள் ஒருவர் சிரிக்காமல், “ஒருவரின் இயல்பைக் கேலி செய்வது நல்லதன்று” என்று சொல்லிப் பாருங்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளை அதை வாழ்நாளெல்லாம் மறக்காது. அந்தப் பிள்ளைக்கு அது தேவைப்படாமலே போகலாம். அப்போதும் நட்டம் ஒன்றுமில்லை. அடுத்தவரை மதிக்கும் பிள்ளையை வளர்த்திருப்பீர்கள்.

‘இனியவை கூறல்’ என்று ஓர் அதிகாரத்தையே வகுத்துக் கொடுத்த திருவள்ளுவரை நாம் வகுப்புதோறும் மனனம் செய்விக்கிறோம். ஒப்புவித்த பிள்ளைக்குப் பரிசும் தருகிறோம். அதே பிள்ளை திடலில் என்ன சொல் பேசுகிறது என்பதையும் கேட்போம்.

நம் நாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று கூட்டம் போட்டுக் கவலைப்படுகிறோம். ஒரு பிள்ளைகூட நம்மைவிட்டுப் போகக்கூடாது என்று வீடு வீடாகச் செல்கிறோம். வந்து சேர்ந்த பிள்ளையை ‘அது’ என்று அழைத்து விரட்டாமல் இருப்பதும் அந்தக் கவலையின் பகுதியாக இருக்கட்டும்.

அன்று வாசலில் நின்ற பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவரும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். ஆனால், அவர் கேட்டது மன்னிப்பை அன்று. இனி என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியை இப்போது உங்கள் முன்னும் வைக்கிறேன்.

பி.கு.: மனவுளைச்சலில் இருக்கும் பிள்ளையோ பெற்றோரோ இதைப் படித்தால், தயவுசெய்து தனியே துன்பப்பட வேண்டாம். மலேசியாவில் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, தாலியான் காசே 15999. சிங்கப்பூரில் சமாரித்தன்ஸ் 1767. எந்நேரமும் அழைக்கலாம்.